அடிக்கு ஓர் அங்குலம்

முன்னறையை எவனுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் உறுதி எடுத்துக்கொண்டது ஒரு வியாழக்கிழமை காலை, தட்டில் இரண்டாவது முட்டையைப் பார்த்த நிமிஷத்தில்.

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு முட்டைதான். பினாங்கில் கப்பல் கம்பெனி ஸ்டோரில் இருபது வருஷம் உழைத்துவிட்டு மஞ்சக்குப்பத்துக்குத் திரும்பி மூன்று வருஷமாகிறது. பெருநாளைத் தவிர என்றைக்கும் இரண்டாவது முட்டை விழுந்ததில்லை. அன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சலீமா சிரித்தாள். நாற்பத்தெட்டு வயசில் ஒருத்தன் உஷாராக அது போதும்.

"நஸ்ருதீன் கடுதாசி போட்டிருக்கான். கடலூர்ல ஒரு கடை போடலாமான்னு பாக்கறானாம். ஆறு மாசத்துக்கு எங்கயாவது தங்கணுமாம்."

நஸ்ருதீன் அவள் தம்பி. சிதம்பரத்தில் ஜவுளிக்கடை. படுத்தால் குறட்டை, எழுந்தால் பேச்சு, இரண்டுக்கும் நடுவில் சாப்பாடு. 'எங்கயாவது' என்று சொன்னபோது சலீமாவின் கண் முன்னறைப் பக்கம் போனது. என் கண் அதன் பின்னாலேயே போனது.

முன்னறைதான் என் ராஜ்யம். ஜன்னலோரம் என் மேசை. மேசை மேல் என் பெட்டிகள். பினாங்கில் மழைக்காலத்தில் கப்பல் வராத நாட்களில் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சின்னப் பெட்டி செய்து, முன்பக்கம் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு காட்சியை நிற்க வைப்பேன். சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் ஒரு பெட்டி. கிள்ளை உப்பங்கழியில் படகு ஒரு பெட்டி. தீக்குச்சி, வஜ்ரப் பசை, சவர பிளேடு, பொறுமை. இந்த நாலும் இருந்தால் ஊரையே பெட்டிக்குள் அடைத்துவிடலாம். மனைவியை அடைக்க முடியாது.

நான் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தவன். இரண்டு பாஷையிலும் 'முடியாது' என்பதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. ஆகவே பலகையால் சொல்லத் தீர்மானித்தேன். எங்கள் முன்னறையையே ஒரு பெட்டிக்குள் அளவு பிசகாமல் கட்டுவது. அதில் நஸ்ருதீனின் கட்டிலைப் போட்டுக் காட்டுவது. இடம் இல்லை என்பதை அவளே கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளச் செய்வது.

அடிக்கு ஓர் அங்குலம் கணக்கு. பதினாலடி அறை பதினாலு அங்குலம் ஆயிற்று. ஒன்பது நாள் வேலை. கதவு திறந்து மூடும். ஜன்னலுக்குக் கம்பி உண்டு. என் மேசையும் அதன் இடத்தில் உண்டு. கடைசியாகக் கட்டில். ஆறரை அடிக் கட்டில் ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். நான் ஒன்பது அங்குலத்தில் செய்தேன். கலைஞனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. கட்டிலை வைத்ததும் கதவு திறக்க மறுத்தது. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சலீமாவைக் கூப்பிட்டேன். அக்கம்பக்கத்து ரவிக்கை முழுக்க அவள் கையில்தான் தையல். கழுத்தில் டேப் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் கஜத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மீட்டரோடு மல்லுக்கட்டிய வருஷம் அது. அவள் டேப்பில் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அங்குலம். டேப்பின் நுனியைக் கட்டில் மேல் ஒரு கணம் வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"ஆமா, எடமே இல்ல. வேணாம்னு எழுதிடறேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதில் முக்கால்வாசி தபாலில் நடந்தது. அத்தனை வருஷத்தில் அவள் முதல் பேச்சிலேயே தோற்றது அதுவே முதல் தடவை. ஜெயித்தவனுக்குத் தூக்கம் வர வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தது. கடுதாசி போட்டாளா என்று தபால்காரரையே விசாரித்தேன். போட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து அவளே பெட்டி முன்னால் வந்து உட்கார்ந்தாள். நஸ்ருதீன் எழுத்தை நம்ப மாட்டானாம், நேரில் வந்து பார்ப்பானாம். கட்டிலை எடுத்தால் பாதி அறை காலியாகத்தானே தெரிகிறது, எதையாவது ரொப்பி வைத்தால் என்ன என்று கேட்டாள். என் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"என்னத்த ரொப்பறது?"

"ஒரு தையல் மெஷின் செய்யுங்களேன். ஆனா அது ரொம்ப நுணுக்கமான வேல. உங்களால ஆவுமோ என்னமோ."

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் இவள், பெண்களுக்குத் தையல் கிளாஸ் எடுக்கிறேன், முன்னறையில் நாலு மெஷின் போடலாம் என்று ஆரம்பித்திருந்தாள். எனக்கு ஆட்சேபணையே இல்லை, இடம்தான் இல்லை என்று பெரிய மனசோடு சொல்லி அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டியிருந்தேன். அதை ஞாபகப்படுத்தினேன்.

"நெசத்துலயா கேட்டேன்?" என்றாள் சலீமா. "பொட்டியிலதான கேக்கறேன்."

நியாயம்தான். அதோடு, என்னால் ஆகுமா என்று கேட்டுவிட்டாளே.

கடிகாரக் கடையில் தூக்கிப்போட்ட பல்சக்கரங்களைப் பொறுக்கி வந்தேன். ஆறு நாள். மூன்று அங்குல மெஷின். சக்கரத்தைச் சுற்றினால் ஊசி ஏறி இறங்கும். மிதிகூட ஆடும். சலீமா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம், ஒன்று தனியாக நிற்கிறது, அனாதை மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டாவது செய்தேன். ஒரு சுவருக்கு இரண்டு இருந்தால் எதிர்ச்சுவர் மொட்டையாகத் தெரியாதா? மூன்று, நாலு. பெண்கள் உட்கார பெஞ்சு. நடுவில் துணி வெட்ட நீள மேசை. அதை வைக்க என் மேசை இடித்தது. காட்சிக்குக் குந்தகம், இடுக்கியால் பிடித்து எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டேன். நானேதான் போட்டேன். யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுத் தைலம்மாள் பார்க்க வந்தாள். வந்தவள், யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஒரே கேள்வி கேட்டாள்.

"இதெல்லாம் சும்மா பொம்மையா, நெசமான அளவா பாய்?"

அந்த ஒன்பது அங்குலக் கட்டில் எப்போதோ பெட்டியை விட்டு என் மேசைக்கு அடியில் போய்விட்டது. எனக்கு என்ன பயம்? "அடிக்கு ஓர் அங்குலம். நூல் பிசகாது. இங்க அடங்குனா அங்க அடங்கும்," என்றேன். சத்தியமா என்றாள் சலீமா. சத்தியமாக என்றேன்.

"அப்ப எத்தினி பொண்ணு உக்காரலாம்?" என்றாள் தைலம்மாள்.

கணக்கென்றால் எனக்குக் கற்கண்டு. எட்டுப் பெண்கள், காற்றாட, முழங்கை இடிக்காமல் என்று விளக்கிச் சொன்னேன். மறுநாள் மூன்று அம்மாக்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஐந்து பேர். எல்லாருக்கும் விளக்கினேன். என் கலைக்கு மஞ்சக்குப்பத்தில் இத்தனை ரசிகைகளா என்று பூரித்தேன்.

ஆனால் சந்தேகம் என்னை விட்டுவிடவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் தெருத் தச்சர் தங்கராசு ஆசாரி என் பெட்டி முன்னால் குந்தி, ஈர்க்குச்சியை ஒடித்து ஒடித்து அளந்துகொண்டிருந்தார். என் வித்தையைத் திருடிப் பெட்டி செய்து விற்கப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு சலாம் சொல்வதை நிறுத்தினேன்.

அடுத்த திங்கட்கிழமை சலீமா, நஸ்ருதீனிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தால்தான் மரியாதை என்றாள். தட்டில் மறுபடியும் இரண்டு முட்டை. மறுத்தால் அவனே வந்துவிடுவானே என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்தேன்.

"அவரு காலையிலயே லாரியில சாமான் ஏத்திக்கிட்டுக் கடலூர் போயிட்டாரே."

கட்டில், டிரங்குப் பெட்டி, மெத்தை, குறட்டை. வழி முழுக்க இந்த நாலும் என் மடியில் உட்கார்ந்து வந்தன. என்னை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு அக்காவும் தம்பியும் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். எல்லாம் எனக்கு அந்த இரண்டாவது முட்டையிலேயே தெரியும்.

வீட்டுக்குள் பாய்ந்தேன். முன்னறையில் கட்டில் இல்லை. டிரங்குப் பெட்டி இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். பாதி மூச்சில் நின்றேன்.

இந்தச் சுவரில் இரண்டு தையல் மெஷின். எதிர்ச்சுவரில் இரண்டு. நடுவில் நீள மேசை. பெஞ்சுகளில் எண்ணி எட்டுப் பெண்கள், முழங்கை இடிக்காமல். என் பெட்டிக்குள் நானே நுழைந்துவிட்டேனோ என்று நிலைப்படியைத் தொட்டுப் பார்த்தேன்.

"வாங்க மச்சான்," என்றான் நஸ்ருதீன். "நான் எங்க கடலூர்ல கடை போடப் போறேன். சிதம்பரத்துக் கடையவே பாக்க ஆளில்ல. அக்கா கேட்ட மெஷின எறக்கிட்டுப் போலாம்னு வந்தேன்." மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் சலீமாவைப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்குத் துணி மடிக்கக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"எடம்தான் இல்லன்னீங்க. எடம் இருக்குன்னு காட்டுனதும் நீங்கதான். எட்டுப் பேருன்னு ஊருக்கெல்லாம் சொன்னதும் நீங்கதான்."

"அந்தக் கட்டிலு…" என்று இழுத்தேன்.

"ஒம்பது அங்குலம். அன்னிக்கே பாத்துட்டேன். அதனாலதான் மெஷினுக்கு மட்டும் தைலம்மா அக்கா முன்னால சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

எட்டுப் பெண்களும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். கொல்லைப் பக்கம் வந்தேன். வெயிலில் என் மேசை கால் மேலே தூக்கிக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் தங்கராசு ஆசாரி, என் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"பாய், பொட்டியில இருக்கறபடி ஒண்ணு விடாம போட்டுட்டேன். உங்க மேசைக்கு மட்டும் அதுல எடம் காட்டலியே, எங்க போடறது?"