இரண்டு சொட்டுக் காடி

கண்ணாடிக் குழாயின் மேல்பாதி வெள்ளையாகிவிட்டது.

தியாகராசா மெழுகுவத்தியை அணைத்தார். சந்தேகம் வந்து மறுபடி ஏற்றினார். குழாயைக் கிடுக்கியால் பிடித்து இன்னொரு தடவை சூடு காட்டினார். உள்ளே இருந்த அவருடைய காலைச் சிறுநீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியதே தவிர, தெளிகிற வழியாக இல்லை.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சர்க்கார் டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். மூன்று வருஷமாகச் சிங்கப்பூரில் ரயில்வே ஆபீசில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. ‘உடம்பில் குறையில்லை’ என்று டாக்டர் ஒரு காகிதம் கொடுத்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் யாழ்ப்பாணத்திலிருந்து புஷ்பராணி கப்பலேறுவாள். ‘தற்காலிகக் கிராணிக்குத் தற்காலிகமாகத்தான் பெண் கொடுக்க முடியும்’ என்று அவளுடைய அப்பா எழுதியிருந்தார். மனுஷன் பொல்லாதவர், ஆனால் பெண் அழகி. அவள் படத்தைத் தினம் ஆறு தடவை பார்த்தார், ஆறு தடவையும் தியாகராசாவுக்கு நெஞ்சு படபடத்தது.

‘வருபவர் தமது காலை நீரைச் சுத்தமான குப்பியில் கொண்டு வரவும்’ என்றுதான் உத்தரவு. புத்தியுள்ளவன் சனிக்கிழமை பிடித்துக்கொண்டு போவான். தியாகராசாவோ பரீட்சைக்கு முன்னால் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொள்கிற ரகம். ஏலத்தில் எடுத்த தடித்த இங்கிலீஷ் வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினார். அது தெளிவாகவே சொல்லியது.

நீரைச் சூடாக்கு. வெள்ளையானால் காரணம் இரண்டு. ஒன்று, சிறுநீரகம் கெட்டு, உடம்பின் சத்து ஒழுகுகிறது. ஆள் ரொம்ப நாள் தாங்கமாட்டான். மற்றது, பாஸ்பேட் என்கிற வெறும் உப்பு, பயமில்லை. எது என்று அறிய இரண்டு சொட்டுக் காடி, அதாவது வினிகர், விடு. தெளிந்தால் உப்பு. தெளியாவிட்டால் வியாதி.

இரண்டே சொட்டு. அங்கேதான் வந்தது வினை.

“காடிதானே? எங்ககிட்ட ஒரு சாடி நிறைய இருக்கு” என்றாள் ஜரீனா. ஜாலான் புசாரில் அந்தக் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அவளும் புருஷன் ஹனீபாவும் ஆட்டுக்கால் சூப்புக் கடை நடத்தினார்கள். மேல்மாடியில் தியாகராசா குடியிருந்தார்.

“அது எதிலே செய்தது, அக்கா?”

“தென்னங்கள்ளைப் புளிக்க வச்சு எடுத்தது. நல்ல சரக்கு.”

தியாகராசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “நான் தீட்சை எடுத்தவன். கள்ளுச் சம்பந்தப்பட்ட ஒண்டும் என்ரை கையாலே தொடமாட்டன்.”

“நீங்க என்ன குடிக்கவா போறீங்க?”

“தொட்டாலும் ஒண்டுதான், குடிச்சாலும் ஒண்டுதான்.”

“அப்ப எலுமிச்சம்பழம் பிழியுங்க. அதுவும் புளிப்புதானே?”

“புத்தகத்திலே எலுமிச்சம்பழம் எண்டு இல்லை.”

அவர் கிராணி. உத்தரவில் இல்லாததை ஆண்டவனே வந்து சொன்னாலும் செய்யமாட்டார். ஜரீனா தலையில் அடித்துக்கொண்டு எலும்பு வெட்டப் போய்விட்டாள்.

புத்தகத்தின் இன்னொரு பக்கத்தில், சிறுநீரகம் கெட்டவனுக்குப் பால் நல்லது என்றிருந்தது. தியாகராசாவுக்கு உற்சாகம் பொங்கியது. பால் சைவம். பால்காரரிடம் சொல்லி வேளைக்கு ஒரு செம்பாக வாங்கிக் குடித்தார். வியாழக்கிழமை பகல் குழாயைச் சூடாக்கினார். நேற்று அரிசி கழுவிய தண்ணீர், இன்று கஞ்சி.

பால் போதவில்லை என்று முடிவு கட்டினார். இரண்டு செம்பானது. கூடவே முருங்கைக்கீரை, பூசணிக்காய், உள்ளே கழுவிவிட வேளைக்கு ஒரு கரண்டி சோடா உப்பு. வெள்ளிக்கிழமை குழாயைச் சூடாக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. குப்பியில் பிடித்துக் கால்மணி நேரம் வைத்ததுமே தானாக வெள்ளை படிந்தது.

எல்லாவற்றையும் ஆபீஸ் வழக்கப்படி குப்பிகளில் ஊற்றி, காகிதம் ஒட்டி, ‘வியாழன், பாலுக்குப் பின்’ ‘வெள்ளி, சோடாவுக்குப் பின்’ என்று எழுதினார். அறையில் சாமி படம் இருந்ததால் பின்படிக்கட்டின் சுவரில் வரிசையாக அடுக்கினார். மொத்தம் ஏழு. சூப்புக் குடிக்க வந்த ஒருவர் அவற்றை அண்ணாந்து பார்த்து, “மேலே அத்தர் வியாபாரமா, பாய்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளி மாலை தியாகராசா சூப்புக் கடை பெஞ்சில் வந்து விழுந்தார். ஹனீபா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நாற்பது வயதில் ஆட்டை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போடுகிற உடம்பு. தலைவலி என்று ஒருநாள் படுத்ததில்லை. அந்த உடம்பையே தியாகராசா வெகுநேரம் பார்த்தார்.

“ஹனீபா நானா, எனக்கு ஒரு உதவி வேணும்.”

“சொல்லுங்க, கிராணியாரே.”

தியாகராசா காதோடு காதாகச் சொன்னார். ஹனீபாவின் கையிலிருந்த ஊதுகுழல் கீழே விழுந்தது.

“என்னோடதையா? குப்பியிலயா?”

“காலையிலே ஒரு குப்பி. டொக்டர் கேட்டால் என்னுடையது எண்டு சொல்லுவன்.”

“வேற எதுனாலும் கேளுங்க. எங்க ஊர்ல வெட்டுன நகத்தைக்கூட அடுத்தவன் கையில குடுக்கமாட்டோம். செய்வினை வச்சிட்டா குடும்பமே போயிடும்.”

“நான் உங்களுக்குச் செய்வினை வைப்பனோ?”

“நீங்க வைக்கமாட்டீங்க. அந்த டாக்டர் யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல.”

தியாகராசா புஷ்பராணியின் படத்தை எடுத்து நீட்டினார். கண் கலங்கியது. ஹனீபாவுக்கு இளகிய மனசு. படத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், “சரி, விடியட்டும்” என்றார்.

கள்ளுக்கு அஞ்சியவர் கள்ளத்துக்கு அஞ்சவில்லை என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவரே தமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஹனீபா, பன்னீர் வருகிற பச்சைக் குப்பி ஒன்றைத் துணியில் சுற்றி, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். தியாகராசா அதை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் பறந்தார்.

டாக்டர் சுப்பிரமணியம் மதராஸ்காரர். நாக்கைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டினார், முதுகைக் குத்தினார். பிறகு பச்சைக் குப்பியிலிருந்து கொஞ்சம் குழாயில் ஊற்றி விளக்கில் பிடித்தார்.

வெள்ளையாகிவிட்டது.

தியாகராசா எட்டிப் பார்த்தார். ஐயோ, ஹனீபாவுக்குமா? ஆட்டைத் தூக்குகிற மனுஷனுக்கா?

டாக்டர் அவசரப்படவில்லை. ஒரு சீசாவைத் திறந்தார். புளித்த வாடை வந்தது. இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினார். வெள்ளை போன இடம் தெரியவில்லை. குழாய் பளிங்காக நின்றது.

“பாஸ்பேட்தான். ஒன்னும் பயமில்ல” என்றார் டாக்டர். “நீங்க சைவமா?”

“ஓம், ஐயா.”

“அதான். காய்கறி, பால், எல்லாம் ஒரேயடியா சாப்பிட்டிருக்கீங்க. சோடா உப்பும் உண்டோ?”

“உண்டு, ஐயா” என்று தியாகராசா திகைப்போடு சொன்னார். ஹனீபா ஆட்டுக்கால் சூப்பை ஊருக்கு விற்றுவிட்டுத் திருட்டுத்தனமாகப் பாலும் சோடா உப்பும் தின்கிறாரா?

டாக்டர் நல்ல சுறுசுறுப்பில் இருந்தார். “சாப்பாட்டுல வர்ற பாஸ்பேட்ல உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை வெளியே தள்ளறது குண்டிக்காய், அதான் சிறுநீரகம், அதோட வேலை. எவ்வளவு தள்ளணும்னு உடம்புக்குள்ள யாரோ அதுக்குச் சேதி அனுப்பறாங்க. அது யாருன்னுதான் சீமையில தேடிக்கிட்டிருக்காங்க. தள்ளாம உள்ளயே தங்கிட்டாத்தான் ஆபத்து, எலும்பு வரைக்கும் அரிச்சிடும். உங்களோடது ஜோராத் தள்ளுது. போய்க் கல்யாணம் பண்ணிக்குங்க.”

காகிதத்தில் கையெழுத்து விழுந்தது.

தியாகராசா தெருவில் குதித்துக்கொண்டு இறங்கினார். வேலை நிரந்தரம். புஷ்பராணி வருகிறாள். பத்தடி குதித்தவர் பதினோராவது அடியில் நின்றுவிட்டார். ஜோராகத் தள்ளுவது ஹனீபாவின் குண்டிக்காய். அவருடையது?

வழியெல்லாம் அதே நினைப்பு. நல்ல குண்டிக்காய் என்று சொல்லி ஒரு பெண்ணைக் கடல் கடந்து வரவழைத்து, வந்த வருஷமே அவள் தாலியை அறுக்கவைப்பதா? அப்படி ஒரு பாதகம் செய்ய அவரால் முடியாது. ஜாலான் புசார் திருப்பத்தில் அவர் தீர்மானம் செய்துவிட்டார். தீட்சை போனால் போகட்டும், பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம்; புஷ்பராணிக்கு உண்மை தெரிய வேண்டும்.

கடைக்குள் புயலாக நுழைந்தார்.

“ஜரீனா அக்கா, அந்தக் காடிச் சாடியைத் தாங்கோ.”

ஜரீனா வாயைப் பிளந்தாள். “நீங்களா கேக்குறீங்க?”

“நான்தான். இரண்டு சொட்டு. என்ரை கையாலேயே விடப்போறன்.” சாடிக்குக் கையை நீட்டினார். “டொக்டர் பாஸ் போட்டிட்டார், அக்கா. நானாவுக்கு வெறும் உப்புத்தான், வியாதி இல்லை. நானா, நீங்கள் நூறு வயசு இருப்பியள், ஆனால் அந்தப் பாலைக் கொஞ்சம் குறையுங்கோ. இனி என்னுடையதைத்தான் பார்க்கவேணும். தெளியாவிட்டால் இண்டைக்கே பொம்பிளை வீட்டாருக்குத் தந்தி அடிச்சுக் கல்யாணத்தை நிப்பாட்டிப்போடுவன்.”

ஹனீபா அடுப்புக்குள்ளேயே போய்விடுபவர்போலக் குனிந்துகொண்டார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

ஜரீனா சாடியை மூடி, பலகையின் அடியில் தள்ளினாள்.

“காடி வேணாம், கிராணியாரே. இவரு பயந்துக்கிட்டு, படிக்கட்டுல நீங்க அடுக்கி வச்சிருந்த குப்பியிலேருந்துதான் ஊத்திக் குடுத்தாரு.”