ஜிடிபி அண்ணையின் பதினோராம் பொருத்தம்

ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி கூடவேண்டும் என்று கோயிலில் அர்ச்சனை செய்வித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், நான் ஏழு வருடம் குடியிருந்த கட்டடத்தின் பராமரிப்பாளர் அவர். அந்த நாடு கனடா என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையும் இல்லை. ஜேர்மனி.

ஐயர் வழக்கம்போலப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். "பேர் ஜேர்மனி" என்றார் இவர். ஐயர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவர் அசரவில்லை. கிழக்கும் மேற்கும் ஒன்றாகச் சேர்ந்த நாளுக்குப் பஞ்சாங்கம் பார்த்து, நட்சத்திரத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஐயர் இந்த ஊரில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். துண்டை வாங்கி வாசித்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். பிரசாதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஜேர்மனியின் சார்பில் கூடப்போன நான்தான் சாப்பிட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் கட்டடத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அவர் ஜிடிபி அண்ணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜேர்மனியின் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கு வெளியாகும். போன காலாண்டைவிட இந்தக் காலாண்டில் அந்த நாடு வளர்ந்ததா, தேய்ந்ததா என்று அதில் இருக்கும். அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்த்துத்தான், ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று முறையிடுவதா, இன்னும் ஒரு கிழமை கம்பளிக்குள் கிடப்பதா என்று நாங்கள் முடிவு செய்வோம்.

பகலில் அவருக்கு வேலை, ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் ஒரு பெரிய சலவை ஆலையில். வரும் படுக்கை விரிப்புகளைப் பார்த்தே கனடாவின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார். ஜேர்மனியின் நிலவரத்துக்கு அங்கே லொறி ஓட்டும் பழைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். ஞாயிறு காலையில் அவருக்குப் போன் போகும். சுகம் விசாரிக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. எடுத்தவுடன் "றோட்டில லொறி எப்பிடி?" என்பார். குறைவு என்று பதில் வந்தால் அன்று மத்தியானம் சோறு இறங்காது. ஒருமுறை அந்தச் சிநேகிதர் காய்ச்சலில் ஒரு கிழமை படுத்துவிட்டார். "இந்தக் கிழமை நான் ஒரு லொறியும் காணேல்லை" என்று அவர் சொல்ல, இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். உண்மை தெரிவதற்குள் இவருடைய மனைவி செல்வி அக்கா இரண்டு தரம் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டார்.

நம்முடைய ஆட்கள் உலகமெல்லாம் சிதறிய பிறகு, சம்பந்தம் பேசும்போது சாதகத்துக்கு முன்னமே கேட்கும் கேள்வி "பெடியன் எந்த நாடு?" என்பது. மற்றவர்கள் பதிலைக் கேட்டதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஜிடிபி அண்ணை அங்கேதான் தொடங்குவார். "நோர்வே பெடியனோ? எண்ணெய் இருக்குமட்டும் பயமில்லை." "சுவிஸோ? மெல்லமாப் போகும், ஆனா நிக்காது." "அயர்லாந்து எண்டாக் கவனம். அது வெளிநாட்டுக் கம்பனியள் வந்து கணக்கில வளக்கிற நாடு. பெடியன்ர கையில என்ன இருக்கு எண்டு வேறையா விசாரியுங்கோ." மூன்றாம் மாடியில் இருந்த ஒருவர் தன் தங்கைக்கு வந்த பிரான்ஸ் மாப்பிள்ளையைப் பற்றி இவரிடம் வாய்தவறிக் கேட்டு, ஒன்றரை மணித்தியாலம் மாடிப்படியில் நின்று வேலைக்குப் பிந்திப் போனார். சாதகத்தில் பத்துப் பொருத்தம் என்றால் இவருக்குப் பதினோராவதாக ஒரு பொருத்தம் இருந்தது.

ஊரார் சம்பந்தங்களில் இப்படி மூக்கை நுழைத்தவருக்கு, அது தன் வீட்டுக் கதவையே தட்டும் என்று தெரியவில்லை. அவருக்கு ஒரே மகள், மதுரா. நோத்ர-டாம்-த-கிராஸ் பகுதியில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை. நாள் முழுக்கப் பிரெஞ்சில் பாட்டுப் பாடிவிட்டு வந்து, வீட்டில் அருமையான யாழ்ப்பாணத் தமிழில் தகப்பனோடு சண்டை பிடிப்பாள். ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் கஜன் என்ற பெடியனைச் சந்தித்தாள். பிடித்துப்போனது. கஜன் எந்த நாடு என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அங்கே காருக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தாய்க்கு நோய், விட்டுவிட்டு வர முடியாது. "நான் போறன்" என்று இவள் சொல்லிவிட்டாள். யாருக்கும் தெரியாமல் ஜேர்மன் மொழி வகுப்புக்கும் போய்வந்திருக்கிறாள்.

பத்துப் பொருத்தத்தில் எட்டுச் சரி என்றார் சாத்திரியார். செல்வி அக்கா சந்தோசத்தில் லட்டுப் பிடித்தார். ஜிடிபி அண்ணை லட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ரெண்டு காலாண்டு சேர்ந்தாப்போல விழுந்தா மந்தநிலை எண்டுறாங்கள்" என்றார். "அப்ப ரெண்டு காலாண்டு சேர்ந்தாப்போல வளரட்டும். பேந்து நாள் வைப்பம்."

எங்களுக்குச் சிரிப்பு. மதுரா மட்டும் சிரிக்கவில்லை. தகப்பனை அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஜேர்மனி அந்தக் குடும்பத்தைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒரு காலாண்டு துளி வளரும், அடுத்தது துளி விழும். இரண்டு சேர்ந்தாற்போல வரவே வராது. ஒருமுறை பூச்சியம் என்று வந்தது. பூச்சியம் வளர்ச்சியில் சேருமா என்பதைத் தீர்மானிக்க வீட்டில் கூட்டம் நடந்தது. நானும் அழைக்கப்பட்டேன்.

"விழேல்லைத்தானே அப்பா" என்றாள் மதுரா.

"விழாம நிக்கிறது வளர்ச்சியில்லை, பிள்ளை."

"நீங்களும் அம்மாவும் முப்பது வருசமா விழாமத்தானே நிக்கிறியள். அது பிழையோ?"

அவர் கீழே குப்பைத் தொட்டிகளை ஒழுங்கு செய்யப் போய்விட்டார். அன்றைக்குக் குப்பை எடுக்கும் நாளுமில்லை. செல்வி அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, இந்த மனிசனால போ எண்டும் சொல்லேலாது, போகாத எண்டும் சொல்லேலாது. அதுதான் ஒரு நாட்டைப் பிடிச்சு நடுவில நிப்பாட்டி வைச்சிருக்கு."

நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒருநாள் வாசல் பனியை அள்ளிக்கொண்டு அவர் அந்தக் கதையைச் சொல்லும்வரை. வாலிபத்தில் எட்டு வருடம் அவர் ஜேர்மனியில் இருந்தவர். கடைசியாக வேலை செய்தது ஒரு தொழிற்சாலையில். வரும் ஓடர்கள் குறைந்து ஒரு வரிசை இயந்திரங்களை நிறுத்தினார்களாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மேற்பார்வையாளர் மூன்று பேரை மட்டும் கூப்பிட்டாராம்.

"மூண்டு பேரும் எங்கட ஆக்கள், தம்பி. அதில நான் ஒருத்தன். அடுத்த திங்கள் எழும்பி, வழக்கம்போல முகம் சவரம் செய்துபோட்டு, எங்க போறதெண்டு தெரியாமக் கட்டில்ல இருந்தன். நாடு தும்மினா முதல்ல விழுறது நாங்கள்தான். கஜனை ஒருநாள் கூப்பிட்டா, என்ர பிள்ளை அங்க ஆரிட்டப் போவாள்?"

அள்ளிக்கொண்டிருந்த சவள் பனியில் குத்தி நின்றது. அதன் பிறகு ஜிடிபி என்ற சொல்லைக் கேட்டு நான் முன்போலச் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு காலாண்டு வளர்ந்தது. அடுத்ததும் வளர்ந்தால் கலியாணம். கஜன் வீட்டாருக்கோ பொறுமை போய்விட்டது. தாயின் உடம்பு சரியில்லை, கண்ணை மூடமுன் கலியாணத்தைப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த நேரம் பார்த்து ஜிடிபி அண்ணைக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு நாள் வந்தது. ஒரு கண்ணில் மூடி, மற்றக் கண்ணிலும் புரை. ஒரு கிழமைக்குத் திரையைப் பார்க்கக்கூடாது என்று டொக்டர் கட்டளை. கணக்கு வெளிவருவது அந்தக் கிழமை.

"நீர் வாசியும்" என்றார் என்னிடம். மகளையும் மனைவியையும் அவர் நம்பவில்லை. அவர்களுக்கு இதில் பக்கச்சார்பு இருக்கிறதாம்.

அன்று காலை மாடிப்படியில் மதுரா என்னை மறித்தாள். வேலைக்குப் போகும் உடுப்பில் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, உள்ளதை வாசியுங்கோ. நான் பொய் சொல்லச் சொல்லேல்லை" என்றாள். "ஆனா இதுவும் மைனஸ் எண்டா, கஜனை இனிக் காத்திருக்கச் சொல்லமாட்டன். அவருக்கு நானே சொல்லிப்போடுவன்."

அவள் மெற்றோவுக்கு இறங்கிப் போனாள். நான் உள்ளே போனேன்.

ஜிடிபி அண்ணை கண்மூடியோடு சோபாவில் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் செல்வி அக்கா, கையில் விபூதிப் பை. நான் கணினியைத் திறந்தேன். பக்கம் வந்தது. புள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன எண். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. இவ்வளவு பெரிய நாட்டில் அந்தக் கோடு இல்லாமல் இருந்தால் குடியா முழுகிவிடும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"வந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"எத்தினை?"

எண்ணைச் சொன்னேன்.

"முன்னால ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை. வளர்ந்திருக்கு."

அவருடைய மூடாத கண் என் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு தொண்டையைச் செருமினார். "செல்வி, ஐயருக்குப் போன் எடும்" என்றார்.

அன்றிலிருந்து என்னைச் சனி பிடித்தது. ஒரு கிழமையில் அவருக்குக் கண் தெரியும். கண் தெரிந்தால் கணினி. கணினியில் அந்தக் கோடு அப்படியே இருக்கும். முன்வாசலில் அவர் நிற்பார் என்று பயந்து, பின்பக்கத்து இரும்புப் படியால், பனியில் வழுக்கி வழுக்கி வேலைக்குப் போய்வந்தேன். லொங்குய்யில் என் அலுவலகத்தில் போன் அடித்தாலே திடுக்கிட்டேன். இந்தக் கலியாணம் நின்றால் காரணம் நான், நடந்து பிள்ளை அங்கே கஷ்டப்பட்டால் அதற்கும் காரணம் நான்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. கட்டு அவிழ்த்தார்கள். அழைப்பிதழ் அடித்தார்கள். மண்டபம் பார்க்க என்னையும் கூட்டிப் போனார்கள். மண்டபக்காரர் கிரேக்கர் என்று தெரிந்ததும், அவருடைய நாடு இவ்வளவு அடிபட்டும் தலைநிமிர்ந்துவிட்டதற்காக ஜிடிபி அண்ணை கைகொடுத்து வாழ்த்தினார். அந்த மனிதர் பிறந்ததே மொன்றியலில். மரியாதைக்கு மெர்சி என்று நன்றி சொல்லி வைத்தார். வரும் வழியில் ஜிடிபி அண்ணை ஜேர்மனி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கலியாணம் நடந்தது. தாலி கட்டும்போது எல்லாரும் மணமக்களைப் பார்த்தார்கள், நான் அவரைப் பார்த்தேன். பட்டுவேட்டியோடு நின்று ஐயரைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தார். மதுரா விசாத் தாள்கள் சரிவந்து விமானம் ஏறிப் போனாள். கஜனின் தாய் மருமகளின் கையால் தேத்தண்ணி குடித்தார் என்று செய்தி வந்தது.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. ஜிடிபி அண்ணை. கையில் நூலகத்தில் அச்செடுத்த தாள். நான் இடுப்பில் சாறத்தோடு, பல் விளக்காமல், தண்டனைக்குத் தயாராக நின்றேன்.

"திருத்தியிருக்கிறாங்கள்" என்றார்.

"என்னத்தை அண்ணை?"

"அந்தக் காலாண்டை. முதல் போடுறது மதிப்பீடுதானே. முழு விபரமும் வந்தாப்போல திரும்பக் கணக்குப் பாக்கிறவங்கள். மைனஸ் எண்டு போட்டதை இப்ப வளர்ச்சி எண்டு மாத்தியிருக்கிறாங்கள். இந்தாரும், பாரும். நீர் அண்டைக்கு வாசிச்சதுதான் சரி."

தாளை வாங்கினேன். கோடு இல்லை.

"அப்ப, முதல் அவங்கள் மைனஸ் போட்டது உங்களுக்கு..."

"கட்டு அவிட்ட அண்டைக்கே பாத்திட்டன்."

"கலியாணக் காட் அடிக்க முந்தியோ?"

"ஓம்."

"பேந்து ஏன் அண்ணை நிப்பாட்டேல்லை?"

அவர் மாடிப்படியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். "அவங்கள் ஒரு எண் சொல்லுறாங்கள், நீர் ஒண்டு சொல்லுறீர். அவங்களுக்கு என்ர பிள்ளையைத் தெரியாது. உமக்குத் தெரியும். ஆரை நம்பிறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தனியப் பயத்தை விட ஏலேல்லை, தம்பி. கூட ஒராள் பொய் சொல்லுற அளவுக்கு நிக்கிறார் எண்டு தெரிஞ்சாப்போல கொஞ்சம் துணிவு வந்திது."

உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இரண்டு படி இறங்கி, திரும்பி, பழைய முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"இனித் திரும்பவும் திருத்தமாட்டாங்கள்தானே?"

திருத்துவார்களா மாட்டார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"இனித் திருத்தமாட்டாங்கள் அண்ணை" என்றேன்.

அது நான் அவருக்குச் சொன்ன இரண்டாவது பொய். கேட்டால் மூன்றாவதும் சொல்வேன்.