டிரைவர் பழசு

மூன்றாவது முறையும் கார் கிளம்பிய வேகத்தில் வலப்பக்கச் சுவரில் போய் முட்டி நின்றது.

மெக்கானிக் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையை முறைத்தார். விரல் நுனி பட்டதுதான். அதற்கே கார் பாம்பை மிதித்ததுபோலத் துள்ளித் திரும்பியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைவரை ஒழுங்காக ஓடிய வண்டி. இப்போது மணி இரண்டு இருபது. மூன்று மணிக்கு ஆன்லைன் கார் பந்தயம், இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி.

இருபது பேர் அவரவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் பொருத்திய ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, திரையில் ஒரே ரோட்டில் பறக்கிற விளையாட்டு அது. இரண்டாம் பிரிவில் மெக்கானிக்குக்குப் பதினாறாவது இடம். இன்று முதல் பத்துக்குள் வந்தால் பிழைத்தார். இல்லையென்றால் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே இருப்பவர்கள் மைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வந்து இடிப்பவர்கள். ஒரு வருஷம் அந்த நரகத்தில் கிடந்து, அடிபட்டு மிதிபட்டு மேலே ஏறி வந்தவர் அவர்.

ஊரில் பாதி அலுவலகங்களின் ஜெராக்ஸ் மெஷின்கள் அவர் கைராசியில்தான் ஓடின. எது மக்கர் செய்தாலும் முதலில் அணைத்துவிட்டுப் போடச் சொல்வார். அதற்கும் மசியாவிட்டால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவார். அதே வைத்தியத்தை இங்கேயும் செய்தார். அணைத்துப் போட்டதில் ஒன்றும் ஆகவில்லை. தட்டியதில் ஒரு விளக்கு அணைந்தது.

மேசையில் பிடிமானம் தளர்ந்திருக்கும் என்று தோன்றி, ஸ்டீரிங்கின் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். 'மடக்' என்றது. திருகு இல்லை, மேசை. சாப்பாட்டு மேசையின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பாள், அதுவும் இந்த நேரம் பார்த்துத் துணி மடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். ஒரு டவலை எடுத்து விரிசலின் மேல் போர்த்திவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அடுத்து ஒயர்களை எல்லாம் பிடுங்கி மாற்றிச் செருகினார். இப்போது பிரேக்கை மிதித்தால் கார் பாய்ந்தது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நின்றது. மணி இரண்டு நாற்பது.

வேறு வழியில்லாமல் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். இரண்டு கையும் மேசைக்கு அடியில் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். எடுத்த பெண் பொறுமைசாலி. மிதிகள் இடம் மாறியதை ஐந்தே நிமிடத்தில் சரிசெய்ய வைத்தாள். பிறகு ஸ்டீரிங் விஷயத்துக்கு வந்தாள். ஸ்டீரிங்கும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு குட்டி மென்பொருள் இருக்குமே, அதற்கு டிரைவர் என்று பெயர். அதில்தான் அவளுக்குச் சந்தேகம்.

"உங்க டிரைவர் ரொம்பப் பழசு சார். எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"மூணு வருஷம் ஆச்சுங்க."

"அதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. இனி அதால உபயோகமில்ல, இடத்தைத்தான் அடைச்சிட்டிருக்கும். தூக்கிட்டுப் புதுசு போட்டுடுங்க."

"எனக்கும் ரொம்ப நாளா அதே யோசனைதான். நேரம்தான் அமையல. இன்னிக்கே தூக்கிடறேன்."

எதற்கும் ஸ்டீரிங்கின் உபயோகக் கணக்கு பதிவாகும் ஃபைலைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பி வைக்கும்படியும், பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகவும் சொல்லி அவள் வைத்துவிட்டாள். ஃபைலை அனுப்பிவிட்டு மறுபடி மேசைக்கு அடியில் புகுந்த மெக்கானிக்கின் கண்ணெதிரே இரண்டு பாலிஷ் போட்ட ஷூக்கள் வந்து நின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு பெட்டி இறங்கியது.

மாமனார்.

முப்பத்து நான்கு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே மாமியாரோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு மூன்று வருஷம் ஆகிறது.

"நான் கிளம்பறேன் மாப்பிள்ளை. தூக்கற சிரமம் உங்களுக்கு வேண்டாம்."

மெக்கானிக் அவசரமாக எழுந்ததில் மேசையில் மண்டை இடித்தது. விரிசல் இன்னும் ஒரு சாண் நீண்டது. தலையைத் தேய்த்துக்கொண்டே, அவரைச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார்.

"உங்களை இல்ல மாமா. நான் சொன்னது உள்ள இருக்கற டிரைவரை."

"உள்ள நான் மட்டும்தானே இருந்தேன்."

அது கம்ப்யூட்டருக்குள் இருப்பது, கண்ணுக்குத் தெரியாது, சம்பளம் கிடையாது என்று மெக்கானிக் விளக்கப் புகுந்தார். ஒவ்வொரு வார்த்தையும் பென்ஷன்காரரைக் குத்துவதாகவே போய் முடிந்தது. மாமனார் தம் வாழ்நாளில் ஒரு கோழிமேல்கூட வண்டியை ஏற்றியதில்லை என்பதை மட்டும் தெரிவித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பட்டாணிக்குத் திரும்பினார். மனைவி மட்டும் அறைவாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, அப்பா படி இறங்கினா பின்னாடியே நானும் இறங்குவேன். யோசிச்சுக்குங்க."

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. யோசிக்க இருந்தது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மெக்கானிக்கின் வாயிலிருந்து அவரே எதிர்பாராத ஒரு வாக்கியம் வந்தது. இன்றைய பந்தயத்தை மாமாதான் ஓட்ட வேண்டும், அனுபவசாலி கை பட்டால்தான் இந்த வண்டி அடங்கும் என்றார். புது டிரைவரைப் போட நேரமில்லை. பழைய டிரைவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார்.

மாமனார் பெட்டியைக் கீழே வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். நாற்காலியில் அமர்ந்து, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை நீட்டினார். கண்ணாடி இல்லை. பச்சை விளக்கு எரிந்து மற்ற கார்கள் எல்லாம் சீறிக்கொண்டு போயின. மாமனார் அசையவில்லை. எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று கேட்டார். பழக்கம்.

மெக்கானிக் வாயில் விரலை வைத்து விசில் அடித்தார். வண்டி நகர்ந்தது.

நாற்பது கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் ஸ்டீரிங் உண்மையிலேயே அடங்கித்தான் இருந்தது. முதல் வளைவில், முந்திப் போனவர்களில் ஆறு பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கிடந்தார்கள். அருமையான வாய்ப்பு, ஓரமாகப் புகுந்துவிடலாம் என்று மெக்கானிக் துடித்தார். மாமனார் வண்டியை நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியா என்று பார்க்க இறங்க வேண்டுமாம், கதவு எங்கே என்று தேடினார். ஆறு பேரும் எழுந்து ஓடிப்போன பிறகுதான் கிளம்பினார்.

இரண்டாவது சுற்றில் ஒரு முழுச் சுற்று முன்னால் போனவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். முதலில் இருந்தவன் ஹார்னை அலறவிட்டான். அவசரக்காரர்களுக்கு வழிவிடுவதுதான் பெருந்தன்மை என்று மாமனார் வண்டியை ஓரம் கட்டிப் பதினெட்டுப் பேரையும் கையைக் காட்டி அனுப்பி வைத்தார். ஹெட்போனில் கேட்ட வசவுகளை மெக்கானிக் தன் காதோடு வைத்துக்கொண்டார். மாமியார் அதற்குமேல் பார்க்கச் சகிக்காமல் பட்டாணித் தட்டோடு சமையலறைக்குப் போய்விட்டார். புருஷன் அவமானப்படுவதை எந்தப் பெண்தான் பார்ப்பாள் என்று மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் உருகியது.

கடைசி வளைவில் மாமனார் வலது கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார். மேசை ஓரத்து டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் கீபோர்டில் பாய்ந்தது. திரை உறைவதற்குள் எப்படியோ கோட்டைத் தாண்டியிருந்தார். இருபது பேரில் பத்தொன்பதாவது இடம். இருபதாவது ஆளுக்குப் பந்தயம் தொடங்கும் முன்பே வீட்டில் கரண்ட் போய்விட்டது.

மூன்றாம் பிரிவு உறுதியாயிற்று. ஆனால் மாமனாரின் முகத்தில் மூன்று வருஷமாகக் காணாத களை. வண்டியில் ஒரு கீறல் உண்டா பாருங்கள் என்று எல்லோரையும் கேட்டார். உண்மையில் இல்லை. மனைவி பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நாளையிலிருந்து காலையில் நூலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே பயிற்சி எடுக்கப்போவதாக மாமனார் அறிவித்தார். சமையலறையில் ஏதோ பாத்திரம் நழுவி விழுந்தது.

போகட்டும், குடும்பம் நிலைத்ததே என்று மெக்கானிக் குனிந்து தண்ணீரைத் துடைத்தார். அப்போது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் மனைவிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். உதவி எண் பெண்.

"சார், ஃபைலைப் பாத்துட்டோம், டிரைவர் மேல தப்பே இல்ல; தினமும் பகல்ல உங்க வீட்லருந்து முதல் பிரிவுல ஓட்டறாங்களே ஒரு அம்மா, அவங்க தோள்வலின்னு வெள்ளிக்கிழமை எங்களைக் கேட்டு லேசாத் தொட்டாலே திரும்பற மாதிரி ஸ்டீரிங்கை மாத்தி வச்சிருக்காங்க, நாளைக்கு அவங்களுக்கு ஃபைனல், தயவுசெஞ்சு நீங்க எதையும் தொட்டுடாதீங்க."