என் கைக்குப் போட்ட கத்திப்பிடி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு புருசன் இருந்தான். ஊர் எம்.ரெட்டியபட்டி. புருசன் நான், இன்பராஜ். கதையில் வருகிற ராசாவுக்கு ஏழு பொண்டாட்டிகள் இருப்பார்கள். எனக்கு ஒருத்திதான், ரேணுகாதேவி. ராசா ஏழு பேரையும் எப்படிச் சமாளித்தார் என்று எந்தக் கதையிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

என் மச்சான் சுப்புராஜ், அதாவது ரேணுகாவின் அண்ணன், மல்லாங்கிணற்றில் இருக்கிறார். மாட்டுக்கொம்பில் பிடி போட்ட கத்தி ஒன்று அவரிடம் உண்டு. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் கத்தியைக் காட்டுவார். குடிக்கத் தண்ணீர் அப்புறம்தான். தொண்ணூற்றொன்றாம் வருசத்துப் பங்குனிப் பொங்கலுக்குக் கிடா அறுத்தபோது, நானும் கறி வெட்ட உட்கார்ந்தேன்.

"மாப்ள, கத்தி கையப் பதம் பாத்துரும். நீங்க போய் வெங்காயம் உரிங்க" என்றார், கூடியிருந்த சனம் முழுக்கக் கேட்கும்படி.

உரித்தேன். அழுதேன். வெங்காயத்தால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். அடுத்த, தொண்ணூற்றிரண்டாம் வருசத்துப் பங்குனிப் பொங்கலுக்கு நானே பிடி போட்ட கத்தியோடு போவேன். அதே இடத்தில் உட்கார்ந்து அத்தனை கறியையும் வெட்டுவேன்.

அருப்புக்கோட்டைப் பட்டறையில் பழைய லாரி வில்லுப்பட்டையை அடிக்கச் சொல்லி, பிடியில்லாத கத்தி அலகு ஒன்று வாங்கினேன். ஒரு சாண் நீளம். முள்ளையும் வெட்டும், எலும்பையும் வெட்டும். "பிடி போட்டுத் தரவா?" என்றார்கள். "அத நான் பாத்துக்கிருவேன்" என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்டார்.

"எனக்கா?" என்றாள் ரேணுகா, அலகைப் பார்த்ததும். "நல்லவேளை. ஆட்டுக்குக் குழை ஒடிச்சு ஒடிச்சு கையெல்லாம் முள்ளு. வீட்டு அருவாளுக்குப் பிடியே இல்ல, துணியச் சுத்தி வச்சிருக்கேன்."

"இது ஆம்பளக் கத்தி."

"கத்தியில ஆம்பள, பொம்பள வேறயா?"

"என் கைக்கு அளவாப் பிடி போடப் போறேன். வேற ஆளு தொடக் கூடாது."

"சரி" என்றாள்.

சரி! கல்யாணமானதிலிருந்து அவள் ஒரே சொல்லில் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். நான் உசாராகியிருக்க வேண்டும். பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

கண்மாய்க்கரையில் காய்ந்து கிடந்த நாட்டுக் கருவேலங்கிளையைக் கொண்டுவந்தேன். உள்ளே வைரம் பாய்ந்து கல்லு மாதிரி இருந்தது. துளை போட்டேன். அலகின் வாலை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் துளைக்குள் இறக்கினேன். வீடு முழுக்கப் புகை. அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளைப் பூண் மாட்டினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

அந்தச் சந்தோசத்தில் பிடியைச் செதுக்கும்போது உளி வழுக்கி வலது உள்ளங்கையில் இழுத்துவிட்டது. கீறல்தான். ஆனால் ரேணுகா ஓடிவந்து மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டு, பாதி வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். கைக்கட்டைப் பார்த்தவர்கள், கை மிச்சமிருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

கைக்குப் பிடி பொருந்த ஒரு வழி உண்டு. உள்ளங்கையில் அடுப்புக்கரியைப் பூசிக்கொண்டு பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கரி ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை அரத்தால் ராவ வேண்டும். மறுபடி பூசி, மறுபடி பிடித்து, மறுபடி ராவினால் பிடி கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி அடங்கி உட்காரும். விரல்நுனியில் அரம் பிடிக்க என்னால் முடிந்தது. கரி பூசத்தான் உள்ளங்கை இல்லை.

"கட்ட அவுத்துட்டா என்ன?" என்றேன்.

"அவுத்தா சீப் பிடிச்சிரும். பொங்கலுக்குக் கையத் தூளியில தொங்கவிட்டுக்கிட்டு வாரீகளா?"

"அப்பப் பிடி?"

"எங் கை எதுக்கு இருக்கு?"

"ஒங் கை வேற, எங் கை வேறல்ல?"

"கல்யாணத்தன்னிக்கு ஊரே பாக்க என் கையப் பிடிச்சீகளே, பொருந்துச்சா, பொருந்தலயா?"

இதற்குப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு எந்தப் புருசன் அந்த வீட்டில் சோறு தின்பான்?

"பொருந்துச்சு."

"பெறகென்ன? கரிய எடுங்க."

பூசினாள். பிடித்தாள். "இங்கன முட்டுது." ராவினேன். "சுண்டுவிரலுக்கு எடமே இல்ல." ராவினேன். "முதுகுப்பக்கம் தடிமனு." ராவினேன். விடிந்தால் மஞ்சள் பற்றுக்கு மேலேயே கைக்குப் புதுக்கட்டு, பொழுதுசாய்ந்தால் பிடிக்குப் புதுக்கரி. பிடி இளைக்க இளைக்க என் பெருமை கொழுத்தது. தாளிக்கவே சொட்டுச் சொட்டாய் ஊற்றுகிறவள், கிண்ணம் நிறையக் கடலை எண்ணெய் தந்து, "நல்லாத் தேய்ங்க" என்றாள். தேய்த்தேன். கருவேலம் கருப்பட்டி நிறத்தில் மின்னியது.

பொங்கலன்று மல்லாங்கிணற்றில் சனம் கூடியிருந்தது. "மாப்ள, வெங்காயம் அங்கன இருக்கு" என்றார் மச்சான்.

"பலகையப் போடுங்க மச்சான்" என்றேன். துண்டை விலக்கி, கத்தியை எடுத்து வைத்தேன்.

மச்சான் பிடியைத் தடவினார். பூணைத் தட்டினார். குரல் இறங்கிவிட்டது. "யாரு போட்டது?"

"வேற யாரு? நான்தான்."

அந்த ஒரு நிமிசத்துக்காகவே நான் பிறந்தேன் என்று நினைக்கிறேன். "ரேணுகா, கட்ட அவுத்து விடு" என்றேன். அவிழ்த்து மஞ்சளைத் துடைத்தாள். உள்ளங்கை சுத்தமாக இருந்தது. கத்தியைப் பிடித்தேன். பிடி கைக்குள் காணாமல் போய்விட்டது. நாலு நகமும் என் உள்ளங்கையையே குத்தின. ஓங்கி ஒரு வெட்டு. கத்தி திரும்பிக்கொண்டது. கறி அப்படியே இருந்தது.

மச்சான் சிரிக்க வாயைத் திறந்தார்.

"இங்கிட்டுக் குடுங்க" என்று ரேணுகா வாங்கினாள். அவள் கையில் பிடி கச்சிதமாக உட்கார்ந்தது. சடக், சடக், சடக். நெஞ்செலும்பு வரிசையாக விழுந்தது.

மச்சானின் பொண்டாட்டி சௌந்தரம் அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "ஏத்தே! பொண்டாட்டி கைக்கு அளவெடுத்துல்ல போட்டிருக்காரு! கல்யாணமாகி நாலு வருசமாச்சு, என் வளையலு அளவு தெரியுமா இந்த மனுசனுக்கு?"

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

"ஆமாக்கா" என்றேன், மீசையைத் தடவி. "அவளுக்குன்னே பாத்துப் பாத்துப் போட்டது."

மச்சான் திறந்த வாயை மூடிக்கொண்டு, யாரோ கூப்பிட்டது மாதிரி கொல்லைப்பக்கம் நழுவினார். "நில்லுங்க, பேசிக்கிட்டிருக்கேன்ல" என்று அக்கா பின்னாலேயே போனார். கறி அண்டாவுக்குப் போனது. சனமும் கலைந்தது.

நான் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தழும்புகூட இல்லை.

"ஏத்தா, இந்தக் காயம் எப்ப ஆறுச்சு?"

"அப்பவே ஆறிருச்சு."

"பெறகு எதுக்குத் தெனமும் கட்டுப் போட்ட?"

கத்தியை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பிடி முடியலைல்ல?" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள்.