எங்கள் வீட்டை விசாரிக்க வந்த வெள்ளைக்காரர்

அன்புள்ள தில்லையம்பலம் அண்ணைக்கு,

தம்பி யோகராஜா எழுதிக்கொள்வது. ஹரோவில் நாங்கள் முருகன் அருளால் சுகம். ஈஸ்ட் ஹாமில் நீங்களும் அண்ணியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுவா, அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. மகள் ஜதுர்ஷிகாவின் சம்பந்தம் குழம்பவில்லை. போன திங்கள் தொடக்கம் எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மடக்குக் கதிரை போட்டிருந்து எங்கள் வீட்டைப் பார்ப்பார், குனிந்து எழுதுவார், பிறகும் பார்ப்பார். போதாததற்குப் பக்கத்து வீட்டுக் கோபாலனிடம், இவர்கள் எவ்வளவு காலம் இருக்கிறார்கள், பின்பக்கம் ஏதும் கூட்டிக் கட்டினார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். சட்டனில் இருக்கும் மாப்பிள்ளை பகுதியார் விசாரிக்காமல் பெண் எடுக்கமாட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். மனைவி கமலாம்பிகை திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "எங்கட ஆக்கள் வந்தா நாங்கள் பிடிச்சிடுவம் எண்டு வெள்ளையை அனுப்பியிருக்கினம்" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

உடனே வாசலில் கிடந்த பழைய மெத்தையை உள்ளே இழுக்கப் போய் எனக்கு இடுப்புப் பிடித்துவிட்டது, மெத்தையும் கதவில் செருகி நின்றுவிட்டது. நொண்டிக்கொண்டே போய் அவருக்கு ரோல்சும் தேத்தண்ணியும் கொடுத்து, எங்கள் பரம்பரையில் சீனி வருத்தம் கிடையாது (உங்களுடையதைச் சொல்லவில்லை), பிள்ளைக்கு நிரந்தர வேலை என்று கேட்காமலே ஒப்புவித்தேன். மறுநாள் பிட்டும் சம்பலும். மனிதருக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது, ஆனாலும் எழும்பவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல், "சட்டனுக்கு எங்களைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "சட்டனா? அதைப் போன வருடமே முடித்துவிட்டேனே" என்றார். வேறு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள் என்றே நான் நினைத்துவிட்டேன்.

பிறகுதான் படங்களைக் காட்டினார். பெயர் விக்ஸ்டெட். ஊர்களையும் தெருக்களையும் உள்ளது உள்ளபடி வரைந்து புத்தகம் போடுவதுதான் ஆயுள் முழுக்கத் தொழில். இளமையில் தேம்ஸ் கரைக் கிடங்குகளை வரைந்தாராம். இடித்த பிறகு எது எங்கே நின்றது என்று அவருடைய படத்தைப் பார்த்துத்தான் சண்டை தீர்த்தார்களாம். மனைவி இருந்தவரை மழையில் குடை பிடித்தாவாம், இப்போது மழை வந்தால் பஸ் தரிப்பிடம்தான். "அரண்மனையை எல்லாரும் வரைகிறார்கள், உங்கள் வீட்டை யார் வரைவது?" என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. படத்தில் மெத்தையை மட்டும் வரையாமல் விடச் சொல்லிக் கெஞ்சினேன். "அது அங்கே இருக்கிறதே" என்றார்.

அன்றுதான், அண்ணை, நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். நீங்கள் தேடிப் பிடித்த மாப்பிள்ளை தர்சிகனின் தாயாரிடம், எங்கள் பிள்ளை ஆண்களை நிமிர்ந்தும் பாராது என்று தாராளமாகச் சொல்லுங்கள். அண்ணிக்கு எங்கள் அன்பு. இருவருக்கும் நல்லூரான் துணை.

இப்படிக்கு,
தம்பி யோகராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் விக்ஸ்டெட் முடித்த படத்தின் பிரதியைத் தந்தார். மதிலின் உயரம் விளங்குவதற்காகக் கேற்றடியில் இரண்டு பேரைச் சின்னதாகப் போட்டிருக்கிறார், கைகோத்தபடி. நான் கடைக்குப் போன நேரம் கண்டதாம். ஒன்று ஜதுர்ஷிகா. மற்றது யாரென்று அவளையே கேட்டேன். "தர்சிகன்தான் அப்பா. ரெண்டு வருசமாப் பழகிறம். கோயில்ல பெரியப்பாட காதில இந்தப் பேச்சைப் போடுவிச்சதே நாங்கள்தான்" என்கிறாள். ஆகவே சட்டனுக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அலைந்து திரிந்து நீங்களே கண்டுபிடித்த மாப்பிள்ளை என்று அண்ணியிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.