பிரசிடெண்டும் சிவப்பு ராஜாவும்

பதவிக்கு ஆசைப்படுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவர்களெல்லாம் பகுதி நேர ஊழியர்கள். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும்கூட இடைவிடாமல் பதவிக்கு ஆசைப்பட்ட ஒரே ஒரு மனிதரை நான் தேனியில்தான் பார்த்தேன்.

அவருடைய நிஜப் பெயர் கடைவீதியில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பிரசிடெண்டு' என்றால் சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும். எதற்குப் பிரசிடெண்டு என்று கேட்டால்தான் கொஞ்சம் முழிப்பார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் கடைவீதி மாடியொன்றில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அவருடைய கடை. மைக் செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுவார். மைக், நாற்காலி. மனிதர் தொழிலை எப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார் பாருங்கள்.

காலையில் கொட்டக்குடி ஆற்றுப் பக்கம் நாலைந்து பேர் சும்மா நடக்கப் போவார்கள். இவரும் கூடப் போனார். அந்த வாரமே அது 'காலை நடையாளர் சங்கம்' ஆகிவிட்டது. தலைவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. தலைவர் வேகத்துக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது, பின்னால் தங்கவும் கூடாது என்று விதி வந்தபிறகு மற்றவர்கள் படுக்கையிலேயே இருந்துவிட்டார்கள். அவர் தனியாக ஆற்றங்கரைக்குப் போய்ப் பொதுக்குழுவைக் கூட்டி, தன்னையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு திரும்பினார்.

வீரபாண்டித் திருவிழாவுக்குச் சட்டையில் 'ஒழுங்கு' என்று அச்சடித்த பட்டையைக் குத்திக்கொண்டு கிளம்புவார். கோயில்காரர்கள் அவரைப் போலீஸ் அனுப்பிய ஆள் என்று நினைத்தார்கள். போலீஸ்காரர்கள் அவரைக் கோயில் ஆள் என்று நினைத்தார்கள். நடுவில் அவர் தீச்சட்டிக்காரர்களை ஒரு வரிசையாகவும் பலூன்காரர்களை ஒரு வரிசையாகவும் நிறுத்திக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட சாம்ராஜ்யத்துக்கு ஒரே ஒரு எதிரிதான். எதிரே இருந்த கடைக்காரர். பிரசிடெண்டுடன் ஒரே வயிற்றில், ஒரே நேரத்தில் இருந்துவிட்டு வந்தவர்.

அவரை 'டெக்கு' என்று கூப்பிடுவார்கள். கல்யாண வீடுகளுக்குக் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுபவர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வழுக்கை, ஒரே தொந்தி. பிரசிடெண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், டெக்கு கையை வீசிக்கொண்டு நடப்பார். நின்றுவிட்டால் கடவுளுக்கே சந்தேகம் வரும்.

'அண்ணன் தம்பி' என்று எழுதிவிட்டேன். உண்மையில் யார் அண்ணன், யார் தம்பி என்பதில்தான் மொத்தச் சண்டையும். அவர்களைப் பெற்ற புண்ணியவதி கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பிரசவம் பார்த்த அம்மாவிடம் பிரசிடெண்டு வெற்றிலையும் சேலையுமாகப் போய்க் கேட்டார். "நீதான்யா முந்தி வந்த" என்றாள். மறுநாள் டெக்கு வாழைத்தாரும் சேலையுமாகப் போய்க் கேட்டார். அவருக்கும் அதே பதில். அந்த அம்மா இறக்கும்வரை துணிக்குக் கஷ்டப்படவில்லை.

டெக்கு சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒருமுறை பிரசிடெண்டைத் தலைமை தாங்க அழைப்பதற்காகக் கபடிக் குழுவினர் வந்தார்கள். எதிர்க்கடை வாசலில் நின்ற டெக்குவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். "ஆகட்டும்ப்பா" என்று டெக்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். மாலை போட்டுக்கொண்டார். மைக்கைப் பிடித்தார்.

"வயசாயிருச்சு. இன்னையிலருந்து நான் எல்லாப் பதவியையும் ராசினாமா பண்றேன். யாரும் தடுக்கக் கூடாது."

யாரும் தடுக்கவில்லை. அதுதான் பிரசிடெண்டை ரொம்ப வருத்தியது. ராஜினாமாவை வாபஸ் வாங்குவதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். "எதுக்குண்ணே, நல்ல முடிவாத்தான எடுத்தீக" என்றார் டீக்கடைக்காரர். அடையாளம் தெரிவதற்காகப் பிரசிடெண்டு மீசை வளர்த்தார். மீசை நன்றாக வந்த அன்றைக்கு எதிர்க்கடைக்காரரும் மீசையோடு வந்து வாசலில் நின்றார்.

இந்த நிலைமையில்தான் வீடியோ கேம் வந்தது.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உத்தமபாளையத்து பாய் ஒருவர் பிரசிடெண்டிடம் விற்றுவிட்டுப் போன பெட்டி அது. இரண்டு பிடிகள், ஒரே ஒரு கேசட். அதற்கு டிவி வேண்டும். தேனியில் வாடகை டிவி டெக்குவிடம்தான் இருந்தது. பிரசிடெண்டு மதுரைக்குப் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கிவந்தார்.

திரையில் இரண்டு கோட்டைகள். ஒன்றில் சிவப்பு ராஜா, மற்றதில் நீல ராஜா. முகமும் கிரீடமும் அச்சு அசல் ஒன்றேதான், நிறம் மட்டும் வேறு. ஒருவர் மேல் ஒருவர் நெருப்பு உருண்டை வீசுவார்கள். கோட்டையிலிருந்து விழுந்தவர் தோற்றார். எழுத்தெல்லாம் ஏதோ சீன மொழி. கடைசியில் மட்டும் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை வரும். ஆகவே கதை சொல்லும் பொறுப்பைப் பிரசிடெண்டு ஏற்றுக்கொண்டார்.

"செவப்பு ராசாதான் மூத்தவன். நீலம் அவனோட ரெட்டை, பிந்திப் பொறந்த பய. அண்ணனுக்குச் சேர வேண்டிய நாட்டை ஆட்டையப் போட்டுட்டு அங்கன ஒக்காந்திருக்கான். அடிங்கடா அவனை."

வீதியே அடித்தது. நீல ராஜா விழும்போதெல்லாம் "டெக்கு விழுந்தான் பாரு" என்பார். எதிர்க்கடை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வார். மாடியில் என் மாணவர்கள் தட்டுகிற சத்தமும் கீழே பீப் பீப் சத்தமும் சேர்ந்து அந்தக் கட்டடமே ஒரு தொழிற்சாலை போல இருந்தது.

ஒருநாள் அந்த பாய் இந்தப் பக்கம் வந்தவர் நின்று கொஞ்சநேரம் கேட்டார்.

"அண்ணே, தப்பாச் சொல்றீக. செவப்புத்தான் வில்லன். நாட்டையெல்லாம் புடிக்கணும்னு வெறி புடிச்சு அலையிறவன். நீலம் நல்லவன்."

பிரசிடெண்டு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"புடிக்கணும்னு ஆசப்படுறது தப்பா பாய்?"

"நான் சொல்லலண்ணே. கதை அப்படி."

"நாட்டை ஆள ஒருத்தன் வேணும்ல? நீலக்காரன் என்ன செய்றான், சும்மாதான நிக்கிறான்?"

அன்றிலிருந்து புதுச் சட்டம். சிவப்பு ராஜாவாக ஆடுபவருக்குக் கைவைத்த நாற்காலி. நீல ராஜாவாக ஆடுபவர் தரையில் உட்கார வேண்டும். இருந்தும் பயல்கள் தரையில் உட்காரத்தான் முண்டியடித்தார்கள். நல்லவன் யாரென்று தெரிந்துபோயிற்றே.

அந்த வருஷம் கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். தேனியில் நிஜமாகவே ஆட்கள் இருந்த சங்கம் அது ஒன்றுதான். பிரசிடெண்டு எத்தனையோ வருஷமாக அதற்காகக் காத்திருந்தார். அவர் நிற்கிறார் என்று தெரிந்ததும் டெக்குவும் நின்றார். இருவரும் ஒரே ஸ்டுடியோவுக்குத் தனித்தனியாகப் போனார்கள். ஸ்டுடியோக்காரர் ஒரே படத்தை இரண்டு பேருக்கும் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். வீதி முழுக்க ஒரே முகம், தனக்கே எதிராக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரர்களுக்குத் தர்மசங்கடம். இரண்டு பேருமே வேண்டியவர்கள். டீக்கடைக்காரர் சலித்துப்போய்ச் சொன்னார்: "பேசாம அந்தப் பொட்டியில ஆடிப் பாத்துக்கங்கப்பா. செயிச்சவுகளுக்கு நாங்க ஓட்டுப் போட்டுர்றோம்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். பிரசிடெண்டு எழுந்து நின்றார்.

"சம்மதம். ஆனா தோத்தவன் செயிச்சவனை எல்லாருக்கும் முன்னால அண்ணேன்னு கூப்பிடணும்."

டெக்கு எதிர்க்கடையிலிருந்தே சொன்னார்: "கூப்பிடப் பழகிக்க."

நடுவர் நான். கடைசியில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளை வாசிக்க ஒரு படித்த ஆள் வேண்டுமாம்.

டெக்குவுக்கு ஆடவே தெரியாது என்று பிரசிடெண்டு நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு விஷயம் தெரியும். பிரசிடெண்டு வெளியூர் போன ஒரு மத்தியானம் மாடிப்படியில் இறங்கியபோது பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பயல்கள் பயபக்தியோடு எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். அவர் சாயங்காலம்வரை ஆடினார். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தார். பிரசிடெண்டுக்குக் கண்ணடிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. கடைக்குள் இடமில்லாமல் வீதியில் பெஞ்சு போட்டு ஏறி நின்றார்கள். சிவப்பு யாருக்கு என்பதில் ஆரம்பத்திலேயே தகராறு. இரண்டு பேருக்குமே சிவப்புத்தான் வேண்டும். காசு சுண்டிப் போட்டேன். பிரசிடெண்டுக்குச் சிவப்பு விழுந்தது. டெக்கு தரையில் உட்கார மாட்டேன் என்றார். அவருக்கும் ஒரு நாற்காலி வந்தது.

ஐம்பதைத் தாண்டிய இரண்டு மனிதர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு பிடியைத் திருகுவதை நீங்கள் பார்த்ததில்லை. சிவப்பு விழுந்தால் நீலமும் அடுத்து விழுந்தது. ஆட்டம் சமமாகவே போய்க் கடைசிச் சுற்றுக்கு வந்தது. பிரசிடெண்டு கை ஓங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு உருண்டை.

டெக்கு பிடியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நடிக்காதடா" என்றார் பிரசிடெண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டெக்கு அப்படியே முன்பக்கம் மடங்கிச் சரிந்தார். அப்போதுதான் பிரசிடெண்டு திரும்பிப் பார்த்தார். தரையில் கிடந்த முகம் வேர்த்து வெளுத்திருந்தது. தன்னுடைய முகமே அப்படிக் கிடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கெல்லாம் கிடைப்பதில்லை. அவர் பிடியை வீசிவிட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. திரையில் இரண்டு ராஜாக்களும் அடிக்க ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

டாக்ஸியில் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். டெக்குவின் தலை பிரசிடெண்டு மடியில். நான் முன்சீட்டில். வழி நெடுக அவர் ஆட்சி செய்தார். மாங்காய் வண்டிகளை ஓரம் போகச் சொன்னார், மாடுகளை அதட்டினார், டிரைவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் குரல் மட்டும் அவருடையதாக இல்லை.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே ஆப்பரேஷன் என்றார் டாக்டர். வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரசிடெண்டு கூடவே நடந்தார். கதவுக்கு முன்னால் டெக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பயமா இருக்குண்ணே."

ஐம்பது வருஷமாக அவர் கேட்கத் தவித்த வார்த்தை. ஊரே கூடி நின்று கேட்க வேண்டும் என்று பந்தயம் கட்டிய வார்த்தை. நானும் ஒரு நர்சும் மட்டும்தான் பக்கத்தில் இருந்தோம்.

பிரசிடெண்டு குனிந்தார்.

"ஏலே, நீதான்டா மூத்தவன். மூத்தவனே பயந்தா எளையவன் நான் என்னடா செய்வேன்? போயிட்டு வா."

கதவு மூடியது. கையைப் பின்னால் கட்டப் போனவர், எங்கே வைப்பதென்று தெரியாமல் என் தோளில் வைத்துக்கொண்டார்.

டெக்கு பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனபோது வார்டில் சுடுதண்ணீர் வாங்க அழகான வரிசை நின்றது. பார்வையாளர்கள் கட்டிலில் உட்காராமல் சுவரோரம் நின்றார்கள். விசாரித்தேன். "பிரசிடெண்டு சொல்லியிருக்காக" என்றார்கள். இதற்கு நடுவே கடைவீதியில் டீக்கடைக்காரரைத் தலைவராக்கிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பிரசிடெண்டிடம் சொல்ல ரொம்பத் தயங்கினேன். "ஆமா, அவனும் நல்ல பயதான்" என்றவர், தம்பிக்கோ அண்ணனுக்கோ கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

தையல் பிரித்த மறுநாளே இரண்டு பேரும் என் மாடிக்கு ஏறிவந்தார்கள்.

"வாத்தியாரே, நீங்க அங்கனதான நின்னீக. இவன் என்னய அண்ணேன்னு கூப்பிட்டானா இல்லையா?"

"அதுக்கு இவன் என்ன சொன்னான்னும் கேளுங்க. நீதான்டா மூத்தவன்னு சொன்னான்."

"ஆப்பரேசனுக்குப் போறவன்கிட்ட ஆயிரம் சொல்லுவாக. அதெல்லாம் செல்லாது."

"அப்ப வலியில நான் கூப்பிட்டதும் செல்லாது."

வண்டிச் சக்கரச் சத்தத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரேமாதிரி முறைத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரேமாதிரி நிம்மதி. சண்டை போட விஷயம் மிச்சமிருக்கிறதே. படியிறங்கும்போதே யார் முதலில் இறங்குவது என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று பிரசிடெண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். கண்டக்டரை மிரட்டி எனக்கு ஜன்னலோர இடம் வாங்கிக்கொடுத்தார். மடியில் ஒரு கூடை கம்பம் திராட்சையை வைத்தார்.

"போற ஊர்ல யாராச்சும் தொந்தரவு பண்ணுனா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

மதுரையில் அவரை ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் வந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பஸ் கிளம்பி மறையும்வரை ஸ்டாண்டுக்கு நடுவில், போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் வழிவிடாமல் நின்றார்.

எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை அன்றைக்கு அது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.