பெட்டியிலிருந்து வந்த குரல்

ஒரு பொருளை யாராலும் நிறுத்த முடியாதபடி செய்துவிட்டேன் என்று பெருமைப்படுகிறவன், தானே அதை நிறுத்த வேண்டிய நாள் ஒன்று வரும் என்று யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கிள்ளானில் என் மாமனாரின் இறுதிச் சடங்கு ஒழுங்காக நடந்திருக்கும்.

கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு. விடுமுறை நாட்களில், செராஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், விரல் நீளமுள்ள சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளை வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பேன். அவற்றின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். (யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம் என்பது என் அனுபவம்.) செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்ற நான் செய்த கருவி, கீழ் வீட்டுக்காரரின் துணியெல்லாம் நனையும்வரை ஊற்றியது. என் மனைவி மாலா இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கருத்துச் சொன்னாள். "இந்த வீட்ல ஒழுங்கா வேலை செய்யறது கேஸ் அடுப்பு மட்டும்தான். அதுல நீங்க இன்னும் கை வைக்கல."

அவளே ஒருநாள் வந்து உதவி கேட்டபோது நான் எவ்வளவு பூரித்திருப்பேன் என்று பாருங்கள். அவள் அப்பாவுக்கு இதய நோய். காலையிலும் இரவிலும் அத்தை பக்கத்தில் நின்று மருந்து கொடுத்துவிடுவார். மதியம் அத்தை தன் தையல் கடையில் இருப்பார். மாமா மட்டும் வீட்டில். மதிய மாத்திரை மட்டும் அப்படியே கிடக்கும்.

ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போர்டையும் ஒலிபெருக்கியையும் பொருத்தி, மதியமானால் "மருந்து சாப்பிடுங்க" என்று பேசும்படி செய்தேன். மூடியைத் திறந்தால் நின்றுவிடும். மாமா அதன் வயரைப் பிடுங்கிப் போட்டார். நான் உள்ளே பேட்டரி வைத்தேன். அவர் சுவிட்சை அணைத்தார். நான் சுவிட்சையே எடுத்துவிட்டேன். தலையணைக்கு அடியில் புதைத்தார். இன்னும் பெரிய ஒலிபெருக்கி வாங்கிவந்தேன். அவருக்குக் காது மந்தம் என்பதால் அது அவசியம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் அவர் சமாதானத்துக்கு வந்தார். "மாப்பிள்ளை, அதுல உங்க குரல்தானே பிரச்சினை? என் மக குரலைப் போடுங்க. கேக்கறேன்."

மாலா பேசிக் கொடுத்தாள். முதலில் அன்பாக: "அப்பா, மருந்து." மூடி திறக்காவிட்டால் சற்றுப் பொறுத்து, சத்தமாக: "அப்பா, நான் கூப்பிடறது கேக்கலையா?" அதற்கும் திறக்காவிட்டால் முழுச் சத்தத்தில்: "அப்பா, எழுந்திரிங்கப்பா! எவ்வளவு நேரம் படுத்தே இருப்பீங்க?" மூடி திறக்கும்வரை இந்த மூன்றாவது மட்டும் திரும்பத் திரும்ப வரும். அதன்பிறகு மாமா ஒரு மதியம்கூட மருந்தைத் தவறவிடவில்லை. அவர் இதயம்தான் ஒருநாள் விடிகாலையில், முந்தின இரவு கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையில், போதும் என்று நின்றுவிட்டது.

மாலா அழவில்லை. சவப்பெட்டிக்குச் சொன்னாள், கூடாரத்துக்குச் சொன்னாள், வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று பார்த்தாள். அன்று காலையே மாமாவைச் சவப்பெட்டியில் வைத்து வீட்டுக் கூடத்தில் கிடத்தியபோதும் அவர் தலைமாட்டில் கண் காய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை என்னிடம் மெல்லச் சொன்னார்: "அவளை எப்படியாவது அழ வைங்க, மாப்பிள்ளை. உள்ளேயே வச்சிருந்தா ஆகாது."

மதியம், வாய்க்கரிசி போடும் நேரம். கிரியை செய்ய வந்த ஐயா சொல்லச் சொல்ல, உறவுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வீடே அமைதியாக இருந்தது. அப்போதுதான் எங்கிருந்தோ மெல்ல ஒரு குரல்.

"அப்பா, மருந்து."

எல்லோரும் மாலாவைப் பார்த்தார்கள். பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். மாலா என்னைப் பார்த்தாள். பெட்டி வழக்கமாக இருக்கும் மேசையைத் தேடினேன். மேசையையே காணோம்.

மச்சான் குணா, மாலாவின் தம்பி, வாசலில் நின்றிருந்தான். ஓடிப்போய்க் கேட்டேன்.

"அந்த மேசையில இருந்த பெட்டி எங்க?"

"ஹாலைக் காலி பண்ணணும்னு சொன்னாங்க. எல்லாத்தையும் ரூம்ல அலமாரியில வச்சிப் பூட்டிட்டேன். ஏன் மச்சான்?"

"சாவி?"

"அம்மாகிட்ட லா."

"அப்பா, நான் கூப்பிடறது கேக்கலையா?"

இந்த முறை வீடு முழுக்கக் கேட்டது. மாலாவின் வாய் மூடியே இருந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். காஜாங்கிலிருந்து வந்திருந்த சித்தி, அத்தையின் தங்கை, கையிலிருந்த அரிசியைத் தரையில் கொட்டிவிட்டு அலறினார். "ஐயோ, பெட்டியிலிருந்து வருது!"

பதற்றத்தில் நான் உண்மையைச் சொன்னேன். "ஆமா சித்தி, பெட்டியிலிருந்துதான் வருது. பயப்படாதீங்க, மூடியைத் திறந்தா நின்னுடும்."

அந்தக் கூடத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த பெட்டி ஒன்றே ஒன்றுதான். அதன் மூடி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. சனம் சுவரோரம் ஒதுங்கியது. ஐயா மந்திரத்தை நிறுத்திவிட்டு, குனிந்து மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்பா, எழுந்திரிங்கப்பா! எவ்வளவு நேரம் படுத்தே இருப்பீங்க?"

நான் வாங்கிய ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. கூடாரத்தில் இருந்தவர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். யாரோ "எழுந்திட்டாரா?" என்று கேட்டார். கணவனின் உடலருகே உட்கார்ந்திருந்த அத்தைமுன் நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். "அத்தை, சாவி." அந்த நிமிடம் மாமாவோடு என்னையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அத்தை சாவியைத் தரவில்லை. தானே எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. அறைக்குள் போய், இடுப்பிலிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து, தன் மகள் குரலில் கத்திக்கொண்டிருந்த பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். சத்தம் நின்றது. உள்ளே அன்றைக்கென்று முதல் நாளே போட்டு வைத்த மாத்திரை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, மாமாவின் காலடியில் நின்று சொன்னார்:

"உசுரு திரும்பி வந்திருந்தாலும் இந்த மனுசன் எந்திரிச்சிருக்க மாட்டாரு, மாப்பிள்ளை. மருந்துன்னு தெரிஞ்சா கண்ணை இறுக்கி மூடிக்குவாரு."

முதலில் சிரித்தது மாலா. தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. அப்பாவின் மார்பில் தலையை வைத்து, "எழுந்திரிங்கப்பா" என்று அவளே சொன்னாள், இந்த முறை தன் வாயால். அப்புறம் அழுதாள். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஐயா வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்கினார்.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எங்கே துக்கம் நடந்தாலும், கிரியை தொடங்கும் முன் யாராவது ஒருவர் சத்தமாகக் கேட்பார்: "செராஸ் மாப்பிள்ளை ஏதாச்சும் கொண்டு வந்திருக்காரா? பையைப் பாருங்க லா!" நான் பையைத் திறந்து காட்ட வேண்டும். போன மாதம் காஜாங்கில் சித்தியின் கணவர் இறந்தபோது சித்தியே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். என் பக்கத்தில் இருந்த அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொண்டு வந்தாத்தான் என்ன? அன்னிக்கு அது கத்தலைன்னா என் மக இன்னிக்கு வரைக்கும் அழுதிருக்க மாட்டா."

சித்தி, சவப்பெட்டிக்கு அருகில் கண் காய்ந்து விறைத்து நின்ற தன் மகனைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"நெசமாவே ஒண்ணும் கொண்டு வரலையா, மாப்பிள்ளை?"